தாப்பா மலைச் சாலையில் மூன்று விநாடி

தாப்பாவிலிருந்து பழைய சாலை வழியே கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நேரான இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சிம்பாங் பூலாய்ச் சாலை அகலமானதுதான். ஆனாலும் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைக்காவிட்டால் என் அம்மாவுக்கு அது பயணமே அல்ல. ஓராங் அஸ்லி மக்கள் சாலையோரம் விற்கும் பெத்தாய்க் கொத்தும் வாங்கியாக வேண்டும்.

சென்ற பள்ளி விடுமுறையில் தங்கை மகன் வேன் ஓட்டினான். தோட்டத்துச் செம்மண் பாதையில் பழகிய கை. தங்கை வீட்டிலேயே இருந்துவிட்டாள். அருவியைத் தாண்டியதும் கைத்தொலைபேசிக்கு அலை இல்லை. வண்டிக்குள் ஒரே சிரிப்பும் பேச்சும். ரிங்லெட்டை நெருங்கும்போது அலை திரும்பியது. தேங்கிக் கிடந்த செய்திகளெல்லாம் 'டிங், டிங்' என்று வந்து விழுந்தன. அவன் குனிந்தான்.

நிமிர்ந்தபோது எதிரே காய்கறி லோரி. எங்கள் வேன் நடுக்கோட்டின் மேல். லோரிக்காரர் ஹாரனை அலறவிட்டு ஒதுங்கினார். இடையே ஒரு முழம்கூட இருந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது மெதுவான வேகம்தானே? அதிலும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. மூன்று விநாடி குனிந்தால் 33 மீட்டர். அங்கே அது ஒரு முழு வளைவு. அந்த வளைவில் வேனை யாருமே ஓட்டவில்லை!

கையில் பிடித்தால் 300 ரிங்கிட் வரை சம்மன் என்று தெரிந்தவர்கள், காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் வளைவைக் கண்டால் பேச்சை நிறுத்துவார். தொலைபேசியில் பேசுகிறவருக்கு வளைவு ஏது, லோரி ஏது?

சரி, அன்று வந்த செய்திகள் என்ன தெரியுமா? பாதிக்கு மேல் என் தங்கை அனுப்பியவை. "எங்கே வர்றீங்க? பத்திரமா போய்ட்டீங்களா?"

ரிங்லெட் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மா. "உன் அம்மாகிட்ட இங்கேயே பேசிடு. மேலே போய்த்தான் இனிப் பேச்சுன்னு சொல்லு." பேசி முடித்ததும் கை நீட்டி வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். தானா ராத்தாவில் திரும்பக் கிடைத்தபோது அதில் புகையிலை வாசம் வீசிற்று. பேரன் வாய் திறக்கவில்லை.