யாருக்குடா காய்ச்சல்?

எங்க ஊர்ல பிரட்டுங்கிறது சாப்பாடு இல்ல பாஸ், நோயோட அறிகுறி! வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாக்கெட் பிரட் வாங்கி, கையில பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்து பாருங்க. குறைஞ்சது மூணு பேராவது நிறுத்தி, ‘வீட்டுல யாருக்கு முடியல?’னு விசாரிப்பாங்க. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களைப் பார்க்கப் போனா ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பிரட். மத்தபடி பிரட்டுக்கு எங்க வீட்டுல வேலையே கிடையாது. அந்த வீட்டுலதான், போன வருஷம் மே மாச லீவுல ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி, எங்க அப்பாவுக்கு சிக்கன் சாலட் வெச்ச பிரட் டோஸ்ட் செஞ்சு கொடுத்தேன்.

அதுக்கு முன்னாடி ஒரு சோகக் கதை. ரிசல்ட் வந்து 11 நாள் ஆகியிருந்தது. நாலு அரியர். அப்பா கோபம் வந்தா கத்த மாட்டார். பேச மாட்டார், அவ்வளவுதான். கத்தினாக்கூடப் பரவாயில்ல. மலை அடிவாரத்துல கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் தென்னை. பிளவக்கல் அணையில தண்ணி இருந்தா எங்க வீட்டுல சிரிப்பு இருக்கும். என் செமஸ்டர் ஃபீஸ் எத்தனை தேங்காய்ங்கிறது வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம். இதுல அம்மா வேற, அக்கா பிரசவத்துக்காகத் திருமங்கலம் கிளம்புறப்போ காதுல ஓதிட்டுப் போனாங்க: ‘அப்பாகிட்ட ரெண்டு பேப்பர்னுதான் சொல்லிருக்கேன். நீ வாயைத் தொறக்காத!’

ஆக, வீட்டுல நானும் அப்பாவும் டி.வி.யும். பேசுறது டி.வி. மட்டும்தான்.

அன்னிக்கு மதியம் அப்பா ஒரு பையை அடுப்புத் திண்டுல வெச்சுட்டு, ஒண்ணும் சொல்லாமத் தோப்புக்குப் போயிட்டார். திறந்து பார்த்தா அரைக் கிலோ கோழிக்கறி. குழம்பு வைக்க எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டா, ‘உங்கப்பா உன்னைச் சமைக்கச் சொன்னாரா? பேசிட்டாரா?’னு அழ ஆரம்பிச்சிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, ஹாஸ்டல் ரூம்மேட் சொல்லிக்கொடுத்த டோஸ்ட். ரெண்டு நீளக் கைப்பிடி வெச்ச அலுமினிய டோஸ்டர் என் பையிலயே இருந்தது. கேஸ் அடுப்புல வெச்சுத் திருப்பித் திருப்பிப் போடுற டைப். அது இல்லாதவங்க கவலைப்படாதீங்க. தோசைக்கல்லுல பிரட்டை வெச்சு, மேல தண்ணி ஊத்தின சொம்பைப் பாரமா வெச்சாலும் அதே வேலை நடக்கும்.

ஹாஸ்டல்ல நாங்க பண்ணின முதல் டோஸ்ட் படு தோல்வி. வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாத்தையும் வெட்டி, உப்பு போட்டு, அப்படியே உள்ளே திணிச்சோம். உப்பு காய்கறித் தண்ணியை வெளிய இழுத்துடும்ங்கிற விஷயம் நாலு இன்ஜினீயரிங் மண்டைக்கும் உறைக்கல. பிரட் அடியில கொழகொழன்னு கூழாகி, எடுக்கும்போதே விழுந்துடுச்சு. இப்போ முட்டைக்கோஸையும் கேரட்டையும் பொடியா நறுக்கி, உப்பு பிசிறி, பத்து நிமிஷம் விட்டு, நல்லாப் பிழிஞ்சிடுவேன். கோழியை மஞ்சள், இஞ்சி-பூண்டு, உப்பு போட்டு நல்லா வேக வெச்சு, ஆறினதும் நார் நாராப் பிய்க்கணும். வேக வெச்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க, மிளகு தட்டிப் போட்டா சூப்!

கலந்து சேர்க்க ஹாஸ்டல்ல மயோனைஸ் பாட்டில்தான். ஆனா பச்சை முட்டையில செய்யிற மயோனைஸ்ல சால்மோனெல்லா மாதிரிக் கிருமி வரும்னு, தமிழக அரசு 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷத்துக்கு அதுக்குத் தடை போட்டுச்சு. நமக்கெதுக்கு வம்பு? தயிரை வெள்ளைத் துணியில கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டா, தண்ணி வடிஞ்சு வெண்ணெய் மாதிரி ஆயிடும். அதுல கோழி, காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், மல்லித்தழை, அரை மூடி எலுமிச்சை. பிரட்டோட உள்பக்கமும் வெண்ணெய் தடவணும். அது மழைக்கோட்டு மாதிரி, ஈரத்தை உள்ள விடாது. வெளிப்பக்கம் தடவுறது முறுகலுக்கு. சின்னத் தீயில பக்கத்துக்கு ரெண்டு, மூணு நிமிஷம்.

கடைசியா அம்மாவோட கறி மசாலா கால் ஸ்பூன் போட்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்புன்னு பெருமையா இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சது, 1953-ல எலிசபெத் ராணி முடிசூட்டு விருந்துக்கே லண்டன்ல கோழியையும் மயோனைஸையும் கறிப்பொடி போட்டுக் கலந்திருக்காங்க. ‘கரோனேஷன் சிக்கன்’னு பேரு. இன்னிக்கும் அங்க சாண்ட்விச்சுக்குள்ள வெச்சு விக்கிறாங்களாம். வட போச்சே!

எட்டரை மணிக்கு அப்பா தட்டு முன்னாடி உட்கார்ந்தார். டி.வி.யில நியூஸ். நான் டோஸ்ட்டைக் கொண்டுபோய் வெச்சேன். அந்த நேரம் பார்த்து கரன்ட் போச்சு. நியூஸ் வாசிக்கிறவரும் போயிட்டார். இப்போ மெழுகுவர்த்தி வெளிச்சத்துல நானும் அப்பாவும் மட்டும்.

தட்டையே பார்த்தார். ‘யாருக்குடா காய்ச்சல்?’

11 நாளைக்கு அப்புறம் பேசின முதல் வார்த்தை! எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் அடக்கிக்கிட்டு, ‘கோழி உள்ள இருக்குப்பா’ன்னேன். ஓரத்தைப் பிரிச்சுப் பார்த்தார். கடிச்சார். அந்த இருட்டுல நொறுக்னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. அடுத்த கடி. பாதி முடிஞ்சதும், முகத்தைத் தூக்காமலே கேட்டார்.

‘எத்தனை பேப்பர்?’

அம்மா சொன்னது காதுல ஒலிக்குது. ரெண்டுன்னு சொல்லிட்டா இந்த ராத்திரி நல்லபடியா முடிஞ்சிடும். வாயில வந்தது வேற.

‘நாலுப்பா.’

மெல்றது நின்னுச்சு.

‘உங்கம்மா ரெண்டுன்னா.’

‘நாலுப்பா. கணக்குலயே ரெண்டு.’

வெளிய தவளைச் சத்தம். அப்பா மிச்சப் பாதியையும் சாப்பிட்டு முடிச்சார். தண்ணி குடிச்சார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

‘இன்னொண்ணு போடு.’

அடுப்பைப் பத்த வெச்சேன். பாக்கெட்டுல ரெண்டு துண்டுதான் மீதி. அதுல ஒண்ணு ஓரத்துண்டு.