அசையாதது மட்டும்

மட்டக்களப்பு வாவிக்கரையில, கல்லடிப் பாலத்தடியில ஊசித்துளைக் கமரா வச்சுப் படம் எடுத்தன்.

வில்லை இல்ல. பால்மா டின், உள்ளுக்கு ஃபோட்டோ பேப்பர், ஊசிமுனை அளவில ஓட்டை.

ஒளி கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள வரும். நிமிசக் கணக்கில திறந்து வைக்கணும்.
அதால அசையாததுதான் பதியும்.

கழுவிப் பார்த்தா,
1924இல லேடி மேனிங் பாலமெண்டு கட்டின அந்தப் பழைய கல்லடிப் பாலத்திர இரும்புச் சட்டமெல்லாம் நிக்கிது.
கிட்டவும் தூரமும் ஒரே தெளிவு.
வாவி அலையே இல்லாமப் பட்டு மாதிரிக் கிடக்கு.

வலை வீசின அண்ணன் இல்ல.
தோணி இல்ல.
பாலத்தால போன சைக்கிள் ஒண்டுமில்ல.

வாவியில பாடுபடுற ஆக்களெல்லாம் அசையிறவங்க.
அவங்க இல்லாத படம் வடிவுதான். ஆனா அது எங்கட வாவியா?

வலை பொத்துற ஐயாவக் கொஞ்சநேரம் அசையாம இருக்கச் சொல்லலாம்.
ஆனா அவர்ர தொழிலே கை அசைவுதானே?

அந்த அசைவையும் சேர்த்துப் பிடிக்க என்ன வழி, சொல்லுங்களன்?