சொல்லுக்குக் குலம் ஏது?

அறிவு பிறப்போடு வருவது என்று பேசுவோர் இன்னும் மறைந்துவிடவில்லை. மாற்றுடை அணிந்து உலவுகின்றனர். குலத்தைக் காட்டிக் கதவடைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று குலத்தின் பெயரை வெளிப்படையாகச் சொல்லக் கூச்சம். ஆகவே 'வளர்ந்த சூழல்' என்கின்றனர், 'வீட்டு வாசனை' என்கின்றனர், 'இரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும்' என்கின்றனர். சொல் மாறிற்று, சூழ்ச்சி மாறவில்லை.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை; காதாரக் கேட்டுச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ் வழியில் படித்து, கலைக் கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் பெற்று, சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி புரிபவன் நான். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் கல்வியியல் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது என் ஆவல். அதற்கு ஜி.ஆர்.இ. என்னும் நுழைவுத் தேர்வு குறுக்கே நிற்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இப்போது இத்தேர்வைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. நான் நாடும் துறை கேட்கிறது. அதற்கான ஆங்கிலச் சொற்பட்டியலை ஆசிரியர் அறையில் விரித்து வைத்திருந்தபோது, மூத்தவர் ஒருவர் பரிவோடுதான் சொன்னார்: "தம்பி, கணக்கென்றால் போட்டுப் போட்டுப் பழகிவிடலாம். இங்கிலீஷ் அப்படியல்ல. தாத்தா காலத்திலிருந்து வீட்டிலே பேசியிருக்க வேண்டும். நமக்கெதற்கு இந்த வேலை?"

பரிவு மெய்; கருத்துப் பொய். பொய்யென்று சினந்து கூறிவிட்டால் போதுமா? பகுத்தறிவு பேசுவோர்க்கு அது அழகாகுமா? ஆகவே ஆராய்ந்து பார்ப்போம்.

முதற்கேள்வி: ஆங்கிலத்தில் கடுஞ்சொல் என்பது எது? 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்கு மன்றத்திலும் அவர்களுடைய பிரெஞ்சு ஏறி அமர்ந்தது. திருச்சபையிலும் கல்விக் கூடத்திலும் இலத்தீன் கொலுவிருந்தது. உழுதவன் நாவிலே ஆங்கிலம் தங்கிற்று. அந்தத் தழும்பு இன்றும் அம்மொழியின் மேனியில் தெரிகிறது. கொட்டிலில் நிற்கும்போது ஆட்டின் பெயர் 'ஷீப்'. அது உழவன் சொல். சமைத்துத் தட்டில் வைத்ததும் 'மட்டன்'. அது உண்டவன் சொல். 'கேள்' என்பதற்கு உழவன் சொல் 'ஆஸ்க்'. பிரெஞ்சு வழியே வந்தது 'கொஸ்டின்'. இலத்தீனிலிருந்து இறங்கியது 'இன்டராகேட்'. தேர்வுப் பட்டியலைப் புரட்டுங்கள்: மிகுதியும் இந்த மூன்றாம் வகைதான். டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவனின் பிள்ளையும் இச்சொற்களைத் தாய்ப்பாலோடு பருகியதில்லை. ஆங்கிலேயனுக்கே இவை ஏட்டுச் சொற்கள். ஏட்டுச் சொல்லுக்கு ஏடுதான் தாய்வீடு. அந்த வீட்டிற்கு எவரும் போகலாம்.

போனேன். அகராதியைத் தொடுமுன் எனக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணம்! 'நடந்தனன்' என்னும் சொல்லைப் பள்ளியில் நாம் பகுத்துப் பார்த்திருக்கிறோம். நட என்பது பகுதி, த் என்பது சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, ஈற்றிலே நிற்கும் அன் ஆண்பால் விகுதி. நன்னூல் கற்பித்த இந்தப் பகுபத இலக்கணத்தை ஆங்கிலச் சொல் மீது வைத்துப் பார்த்தேன். 'லொக்வி' என்றால் இலத்தீனில் பேசுதல். அந்த ஒரு வேரைப் பிடித்தவுடன் 'லொக்குவேஷியஸ்' வாயாடி என்றாயிற்று. 'எலக்குவென்ட்' நாவன்மை உடையவர் என்றாயிற்று. 'கொலோக்கியல்' பேச்சு வழக்கு என்றாயிற்று. 'சர்க்கம்லொக்கியூஷன்' சுற்றி வளைத்துப் பேசுவது என்று தானே முன்வந்து நின்றது. 'பெனவலன்ட்' நன்மை நாடுபவர். 'மலெவலன்ட்' தீமை நாடுபவர். நாடுதல் இரண்டிலும் ஒன்றே. ஒரு வேர் கிடைத்தால் ஒரு தோப்புக் கிடைக்கிறது.

ஆயினும் ஓசையை நம்பலாகாது. 'எனர்வேட்' என்ற சொல்லைக் கேட்டதும் 'எனர்ஜி' நினைவுக்கு வரும். ஊக்கம் ஊட்டுவது போலும் என்று தோன்றும். பகுத்துப் பார்த்தால், தசைநாரை உருவி எடுப்பது என்பது அடிப்பொருள். ஆகவே வலுவிழக்கச் செய்தல். 'ரெஸ்டிவ்' என்பதோ ஓய்வைக் குறிக்கும் 'ரெஸ்ட்' போல ஒலித்தும், ஓய்ந்திருக்க மாட்டாத நிலையைக் குறிக்கிறது. வேர் வழிகாட்டும், வாக்கியமே ஊர் சேர்க்கும். தேர்வை நடத்துவோரும் 2011ஆம் ஆண்டில் எதிர்ச்சொல் வினாக்களையும் சொல்லொப்புமை வினாக்களையும் நீக்கிவிட்டனர். இன்று வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்பும் வினாக்களும், பத்தியைப் படித்துணரும் வினாக்களுமே வருகின்றன. 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகு, மொழிப் பகுதியில் 27 வினாக்கள், 41 நிமிடங்கள். பட்டியலை மட்டும் உருப்போட்டவன் அங்கே திகைப்பான். படித்துப் பழகியவன் தேறுவான்.

கற்றது நிற்க வேண்டுமே! செருமானிய அறிஞர் ஹெர்மன் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி முதலில் விரைந்து வருகிறது, பின்னர் மெல்ல நடக்கிறது என்பது அவர் கண்டது. 1972ஆம் ஆண்டில் செபாஸ்டியன் லைட்னர் என்பார் அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிப் படிக்கும் முறையைப் பரப்பினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும். தவறிய அட்டை முதற்பெட்டிக்குத் திரும்பும். ஏற ஏறப் பார்க்கும் இடைவெளி நீளும். பள்ளியில் காலியான சாக்பீஸ் பெட்டிகள் ஐந்து எனக்குக் கிடைத்தன. தேர்வுத்தாளின் பின்புறங்களை நறுக்கி அட்டையாக்கினேன். நாளொன்றுக்குப் பதினைந்து புதுச்சொல். அதற்கு மேல் ஆசை வைப்பதில்லை. ஐந்தாம் பெட்டி மெல்ல மெல்ல நிறைகிறது. அதை நிறைப்பது என் பாட்டனார் அல்லர்; பழக்கம்.

இத்தகைய தேர்வுகளின் வரலாறும் இதையே சொல்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலார் கார்ல் பிரிகாம், வட ஐரோப்பிய இனத்தாருக்கே அறிவு மிகுதி என்று 1923ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அவரே பின்பு அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை வகுக்கும் குழுவிற்குத் தலைமை ஏற்றார்; 1926ஆம் ஆண்டில் அத்தேர்வு முதன்முறையாக நடந்தது. ஆனால் 1930ஆம் ஆண்டில், அத்தகைய தேர்வுகளைக் கொண்டு இனங்களை ஒப்பிடுவது செல்லாது, தம் முந்தைய ஆய்வுக்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டார். கட்டியவரே இடித்த கோட்டையை நம்மவர் சிலர் இன்னும் காவல் காக்கிறார்களே!

இனி, தோழர்களே, என்னை நிறுத்திய ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். பட்டியலின் பாதியைக் கடந்த ஓரிரவில் அது எதிர்ப்பட்டது: 'பரையா'. பொருள், சமுதாயம் ஒதுக்கி வைத்த ஆள். வழக்கம்போல் வேரைத் தேடினேன். இலத்தீன் இல்லை, கிரேக்கம் இல்லை, தமிழ் என்றது அகராதி. 'கட்டுமரம்' கப்பலேறி 'கட்டமரான்' ஆனது போலவே, பறையர் என்னும் மக்களின் பெயரும் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. பின்னர், எந்த நாட்டில் எவர் ஒதுக்கப்பட்டாலும் அவரைச் சுட்டும் பொதுச்சொல்லாயிற்று. முத்தும் மிளகும் அனுப்பிய நாடு, இதையும் அல்லவா அனுப்பியிருக்கிறது! அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை 1950இலேயே ஒழித்துவிட்டது. ஆனால் ஏதோ ஒரு நகரத்துத் தேர்வுக் கூடத்தில் அம்மக்களின் பிள்ளை ஒருவர் அமர்ந்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளுக்குத் தம் மூதாதையர் பெயரையே தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண் என்னும் நிலை இருக்கிறதே, இதை எந்தப் பிரிவின் கீழ் முறையிடுவது?

அந்த அட்டையைக் கிழித்தெறியக் கை துடித்தது. எறியவில்லை. தேர்வில் வரும் சொல்லைத் தெரியாமல் விடுவது எதிர்ப்பாகாது. பின்புறத்தில் ஆங்கிலப் பொருளை எழுதினேன். அதன் கீழே தமிழ்ப் பொருளையும் எழுதினேன். பறை என்பது செய்தியை ஊரறிய முழக்கும் கருவி. பறைதல் என்பது சொல்லுதல். இலத்தீனின் 'லொக்வி'க்கு எது பொருளோ, அதுவே இதற்கும் பொருள்! பேசுவது என்னும் பொருளில் பிறந்த ஒன்று அங்கே நாவன்மைக்குப் பெயராயிற்று. இங்கே விலக்கி வைத்தலுக்குப் பெயராக்கப்பட்டது. இலத்தீன் வேர்க்கு அமைந்த பெருமையும் தமிழ் வேர்க்கு நேர்ந்த இழிவும் சொல்லின் குணமா? சொல்லை ஆண்டவர்களின் குணமல்லவா?

இப்போது மாலையில் பள்ளி விட்ட பிறகு, ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலர் என்னோடு அரை மணி நேரம் இருக்கின்றனர். நாளுக்கொரு வேர், அதிலிருந்து ஐந்து சொற்கள். ஒரு சொல்லைப் பகுத்து அதன் வயிற்றுக்குள் இருப்பதைக் கண்டவுடன் அவர்கள் முகத்தில் மலரும் சிரிப்பை, எந்தப் பரம்பரைப் பெருமைக்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன். அவர்களுள் எவரும் 'எங்களுக்கு இது வருமா?' என்று கேட்டதில்லை. 'அடுத்த வேர் என்ன?' என்றுதான் கேட்கின்றனர்.

சொல்லுக்குக் குலம் இல்லை; வேர் உண்டு, வரலாறு உண்டு. அகராதியின் அட்டையில் எவர் பெயரும் பட்டா போட்டு வைக்கப்படவில்லை. எடுங்கள், பகுத்துப் பாருங்கள். பொருளோடு சேர்த்து, அப்பொருள் அங்கே எப்படி வந்ததென்றும் கேளுங்கள். கேட்கக் கற்றவனைத்தான் எந்தக் கதவாலும் தடுக்க முடிவதில்லை.