தென்பெண்ணையும் காம்பியாவும்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நதியின் இரு கரைகளையே தன் முழு ராஜ்யமாகக் கொண்டு, மேற்கே சமுத்திரம் நீங்கலாக மற்ற மூன்று திசைகளிலும் செனகலால் சூழப்பட்டு, ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணத்தோடு, அதாவது பெங்களூர் நகர மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்காக, நாடா போல் நீண்டு கிடக்கிறது காம்பியா தேசம். ஜனத்தொகையோ 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 19 லட்சத்தை எட்டவில்லை. பெங்களூர்வாசிகளான நமக்கு அருகிலேயே ஓடும் தட்சிண பினாகினியின், தமிழ்நாட்டார் தென்பெண்ணை என்று வழங்கும் நதியின், வடிநிலம் மட்டுமே சுமார் 16,000 சதுர கிலோமீட்டர் என்பதை அறிந்தால், அந்தத் தேசத்தின் அளவு மனத்தில் பதியும்.

நந்திமலையை அடுத்த சென்னகேசவ மலையில் உற்பத்தியாகி, ஹொசகோட்டை வழியே தெற்கு நோக்கி இறங்கும் இந்நதியில், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வாயிலாக நம் நகரத்தின் கழிவுநீர் வந்து கலக்க, ஓசூருக்கருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை குவியல் குவியலாகப் பொங்கி நிற்கிறது. நதியைத் தெய்வமென்று வணங்கும் மக்கள் நாம். 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றிப் புகைந்ததைப் பார்த்தவர்களும் நாமே!

கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்தால், மலையமான்களின் திருக்கோவலூர். கபிலர் உயிர் நீத்த இடமென்று ஐதிகம் கூறும் பாறை அங்கே ஆற்றின் நடுவே நிற்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அப்பாறையைச் சுற்றி மணல்தான். காம்பியா நதியிலோ கடற்கப்பல்கள் உள்நாட்டில் வெகுதூரம் செல்லக்கூடும். அந்த ஜலமார்க்கத்தை விரும்பியே ஆங்கிலேயர் அதன் கரைகளைப் பற்றிக்கொண்டனர். கப்பல் ஏறாத நம் நதியிடம் அவர்கள் முதலில் நாடியது கடலோர முகத்துவாரப் பிரதேசத்தை மட்டுமே.

போர்க்கப்பலிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரமே காம்பியாவின் எல்லையாயிற்று என்றொரு கதை உண்டு. அது கதைதான், 1889-இல் பாரிஸில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடிப் பேசி, நதியின் இருபுறமும் பத்துப் பத்துக் கிலோமீட்டர் என்று வகுத்த எல்லை அது. அக்கதையில் வருவது மெய்யாகவே நிகழ்ந்த இடம் தென்பெண்ணை கடலில் சேரும் கடலூர். 1690-இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனியார், ஒப்பந்தப்படி பீரங்கியை நாற்புறமும் சுட்டு, குண்டு சென்ற எல்லைக்குட்பட்ட ஊர்களையெல்லாம் தமதாக்கிக் கொண்டனர். அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர்.