பனியைக் கடந்த மலர்

உதகையின் குளிரைச் சமவெளியில் வாழ்வோர் கோடை விடுமுறையில் மட்டுமே அறிவர். அஃது இன்பம் தரும் குளிர். மார்கழி, தை மாதங்களின் குளிர் வேறு. நம் முன்னோர் முன்பனிக் காலம் என்று பகுத்த அவ்விரு திங்களும், அங்கே பூச்செடி வளர்ப்போருக்கு உறக்கம் கெடும் காலம்.

மேகமும் காற்றும் இல்லாத இரவே அச்சம் தருவது. பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் வானில் விட்டுவிடுகிறது. தடுத்து நிறுத்த மேகப் போர்வை இல்லை. குளிர்ந்த காற்று கனமுடையதாதலின், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆதலால் மேட்டில் நிற்கும் செடி பிழைத்திருக்க, சற்றுக் கீழே நிற்கும் செடி மடிவதுண்டு. விடியலில் வெண்பனி பூத்து அழகாகத் தோன்றும் இலை, வெயில் ஏறியதும் வெந்த கீரைபோலத் துவண்டு கறுத்துவிடும். 1848ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு தாவரவியல் பூங்காவிலும் பனிக்காலத்தில் மென்மையான செடிகளை மிலார்ச் செடிகளால் மூடிக் காப்பர். நிலத்தின் வெப்பம் முழுவதும் வெளியேறாமல் அம்மூடாக்கு தடுக்கிறது.

என் முற்றத்தில் கருஞ்சிவப்பு டேலியா ஒன்று உண்டு. அதன் கிழங்கை எனக்கு அளித்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டியார். அவர் மறைந்துவிட்டார், அவருடைய தோட்டமும் இன்று இல்லை. டேலியாவின் விதையை ஊன்றினால் தாய்ச்செடியின் நிறமே பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிழங்கு அழிந்தால் அந்த மலரும் அழிந்ததே ஆகும். பனி இரவுகளில் என் கவலை இதுதான்.

டேலியா மெக்சிகோ நாட்டு மலைப்பகுதிக்கு உரியது. 1789இல் அது ஸ்பெயினின் மாட்ரிட் நகரத் தோட்டத்தை அடைந்தது. 1791இல் ஆண்டர்ஸ் டால் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் நினைவாகப் பெயர் பெற்றது. தாயகத்தில் அது மழையில் தழைத்து, மழையின் இறுதியில் பூத்து, வறண்ட குளிர்காலத்தில் தண்டும் இலையும் மடியக் கிழங்காய் மண்ணுள் உறங்கும். வறட்சிக்கென அமைந்த அச்சேமிப்பே நம் மலையில் பனிக்கும் உதவுகிறது.

“தம்பி, இலை போனால் போகட்டும்; கண்ணைக் காப்பாற்று” என்பார் மூதாட்டியார். கண் என்று அவர் கூறியது, தண்டின் அடியில் கிழங்கு சேரும் இடத்திலுள்ள முளையை. கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் அம்முளை இல்லையேல் துளிர்க்காது. ஆகவே கருகிய தண்டைச் சாண் உயரம் விட்டு அறுத்து, அடியில் மண் அணைத்து, உலர்ந்த சருகை முழங்கால் அளவு குவிப்பேன். நீர் ஊற்றுவதில்லை. ஈரத்தில் அழுகிய கிழங்குகள், பனியில் மாண்டவற்றைவிட மிகுதி என்பது என் கணிப்பு.

பங்குனியில் சருகை விலக்கும்போது கை சற்று நடுங்கத்தான் செய்கிறது. செந்நிற முளை ஒன்று அரிசியளவு தெரிந்தால் போதும். பின்பு கோடையும் தென்மேற்குப் பருவமழையும் கடந்து, கூதிர் தொடங்கும் வேளையில் மலர்கள் விரிகின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கையை மறைக்கும் அளவு.

இவ்வாண்டு அம்மலரைக் கண்ட இருவர் கிழங்கு கேட்டிருக்கின்றனர். அடுத்த பங்குனியில், கண்ணோடு பிரித்துத் தர இசைந்துள்ளேன். ஒருவர் வீடு மேட்டில் உள்ளது. மற்றவர் வீடு ஓடைக்கரைப் பள்ளத்தில். அவருக்கு மார்கழி பிறக்குமுன் ஒரு கட்டு மிலாரும் கொண்டு சேர்க்க வேண்டும்.