வாக்குத்தத்த அட்டையும் அடகு ரசீதும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சபைகளில் இரண்டாம் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு ஓடி வந்தவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள். அட்டை நேரே பைபிளுக்குள் போகும். பல வீடுகளில் நகை அடகு ரசீதும் அதே பைபிளுக்குள்தான். பீரோ இல்லாத வாடகை வீட்டில் வேறு பத்திரமான இடம் ஏது? ஒரு அக்கா இந்த வருஷத்து அட்டையைக் காட்டப் பைபிளைத் திறந்தார், ரசீது விழுந்தது. இரண்டு வளையல், ஒரு ஜோடிக் கம்மல். "செயினு இன்னும் போகல தம்பி" என்றார், நான் கேட்காமலே.

*

இந்த ஊருக்கு விசுவாசம் பஸ் ஏறி வந்தது என்று சொல்லலாம். 1980ல் அசோக் லேலண்ட் ஆலை, அதே ஆண்டு டிவிஎஸ் 50, பின்னால் டைட்டன். நாகர்கோவில், திருநெல்வேலி, வேலூர் பக்கத்திலிருந்து ஐடிஐ சர்டிபிகேட்டோடு வந்தவர்கள் சபையையும் கூடவே கொண்டுவந்தார்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளையும் ஞாயிறு பூசையில் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உள்ளே எலத்தகிரி மாதிரிப் பழைய கத்தோலிக்கக் கிராமங்கள் உண்டு. அங்கே கஷ்டம் என்றால் மழை, மாங்காய் விலை. ஓசூரில் கஷ்டம் என்றால் ஓடி, அதாவது ஓவர்டைம், நின்றுபோவது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் ஓடும். கடன் தவணை ஓவர்டைமில் ஓடும். ஓடி போனால் வேலை இருக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் தவணை நிற்கும். 2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது லேலண்ட் தன் ஆலைகளுக்கு உற்பத்தியில்லா நாட்களை அறிவித்தது. ஓசூருக்கு 5 நாள், எண்ணூருக்கு 16. முந்தின வருஷம்தான் லாரிகள் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியிருந்தது. இருக்கிற லாரியே போதும் என்றானது. வண்டிக்குக் கடன் தரும் நிதி நிறுவனங்களும் கையைச் சுருக்கின. பாரத் ஸ்டேஜ் 6 வரப்போகிறது, பார்த்து வாங்கலாம் என்று காத்திருந்தவர்களும் உண்டு. பெரிய ஆலைக்கு 5 நாள் என்றால், அதற்குப் பாகம் கடைந்து தரும் நாலு லேத் வைத்த பட்டறைக்கு எத்தனை நாள் என்று எந்த அறிவிப்பிலும் வராது. ஆறே மாதத்தில் ஊரடங்கு. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் தடுப்பு.

அந்த மாதங்களில் ஜெபக் குறிப்புச் சீட்டுகளில் நோய் குறைந்து கடன் கூடியது என்று ஒரு உபதேசியார் சொன்னார். கொரோனா காலத்தில் இப்படி!

*

கணக்கு. மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் போட்ட விதி: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். 20,000 வருகிற வீட்டில் அந்தப் பாதி 10,000. வாடகை 5,000. தசமபாகம் 2,000. மிச்சம் மூவாயிரத்தில் அரிசி, காஸ், ஸ்கூல் வேன். இடையில் ஒரு காய்ச்சல் வந்தால் பத்து வட்டிக்காரர். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, வருஷத்துக்கு 120. ஒரு வருஷம் வட்டியை மட்டும் கட்டினாலே அசலைத் தாண்டிப் போகும், அசல் அப்படியே நிற்கும்.

இதில் எதை நிறுத்துவது? தசமபாகத்தை நிறுத்தினால் ஆசீர்வாதம் நின்றுவிடும் என்று பயமுறுத்தும் பிரசங்கம் இந்தப் பக்கம் நிறையக் கேட்கிறது. எனக்கு அது பிடிபடவில்லை. லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆட்டுக்கு வழியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதற்கும் இல்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம் என்று படிப்படியாக இறக்கியிருக்கிறது. பிள்ளை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுபோனபோது யோசேப்பும் மரியாளும் கொடுத்தது ஏழைக் காணிக்கையான புறா ஜோடி என்கிறார் லூக்கா. ஆண்டவர் வீட்டிலேயே ஆட்டுக்கு வழியில்லை. ஓசூரில் மட்டும் எல்லாரும் ஆடு கொண்டுவர வேண்டுமா?

*

தமிழ்ப் பிரசங்க மேடைகளில் ஜார்ஜ் முல்லர் இல்லாமல் விசுவாசத்தைப் பற்றிப் பேச முடியாது. பிரிஸ்டலில் 1836ல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு தொடங்கியவர், யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தை மட்டும் நம்பியவர். விடிந்தால் சாப்பாடு இல்லை, வாசலில் பால்வண்டி பழுதாகி நின்றது என்ற கதை எல்லாருக்கும் மனப்பாடம். அவர் வந்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்து, வருஷா வருஷம் வரவுசெலவை அச்சடித்து வெளியிட்டார். கடன் வாங்குவதே இல்லை என்று வைராக்கியமாக இருந்தார். இதை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முல்லரின் மனைவி மேரியுடைய அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், எக்ஸிடரில் நன்றாக ஓடிய பல் வைத்தியத்தை விட்டுவிட்டு மிஷனெரியாகப் புறப்பட்டவர். பாக்தாத் வழியாக 1833ல் இந்தியா வந்து, பிறகு நமக்குப் பக்கத்துச் சித்தூரில் குடியேறினார். சம்பளம் வாங்காத ஊழியம். ஆனால் சும்மா உட்காரவில்லை. பண்ணை வைத்தார், பட்டுத் தொழிலில் கை வைத்தார். தொழில் செழிக்கவில்லை. விசுவாச வீரருக்கும் பட்டு நஷ்டம் வரும். அவரோடு பழகிய தமிழர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், அதே வழியில் மிஷன் சம்பளம் இல்லாமல் 1840ல் கிறிஸ்தியான்பேட்டையைத் தொடங்கினார். பிரிஸ்டலில் கிடைத்தது சித்தூரில் கிடைக்கவில்லை. யாருடைய விசுவாசமும் குறைவு என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது.

*

எலிசாவும் எண்ணெய்க் குடமும். இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரம். புருஷன் செத்துப்போன பெண், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக இழுத்துப்போக வருகிறான். கொத்தடிமை மீட்பு பற்றி அவ்வப்போது செய்தி படிக்கும் நாட்டில் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

மேடையில் எண்ணெய் பெருகியதோடு அல்லேலூயா சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். தீர்க்கதரிசி அவளிடம் கேட்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. அடுத்து, அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார், கொஞ்சமாக அல்ல. ஆக, அவள் கஷ்டம் தெருவுக்கே தெரிந்திருக்கும். எண்ணெய் வந்த பின் அவர் சொல்வது: விற்று, கடனை அடை, மீதியில் பிள்ளைகளோடு பிழை. காணிக்கை பற்றிப் பேச்சே இல்லை.

கடனில் மூழ்குகிற வீடு முதலில் செய்வது கதவைச் சாத்திக்கொள்வது. குழுக்கடன் கூட்டத்தில் பக்கத்து வீட்டு அக்கா இந்த வீட்டுப் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை அதே அக்கா பக்கத்தில் எப்படி உட்காருவது? கோவிலுக்கு வருவது நின்றுபோகும். விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்பார்கள். குளிரவில்லை, வெட்கம்.

கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபை என்று ஒன்று உண்டு. 1833ல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. வீடு தேடிப் போவார்கள், பெரும்பாலும் இருவராக. அரிசியோ ஸ்கூல் பீஸோ கொடுப்பதை ஊருக்கு அறிவிப்பதில்லை. எழுப்புதல் கூட்டத்து ஒலிபெருக்கியைவிட எனக்கு இவர்கள் மேல் மரியாதை அதிகம்.

*

சாட்சி நேரம். "மூணு லட்சம் கடன், கர்த்தர் ஒரே மாசத்துல அடைச்சார்." நல்லது, சந்தோஷம். ஆனால் இன்னும் அடையாதவர் மைக் பிடிப்பதே இல்லை. "பாஸ்டர் ஐயா, எனக்கு இன்னும் தீரல, ஆனாலும் வந்திருக்கேன்" என்று ஒருவர் சொல்ல ஒரு ஞாயிறாவது இடம் விட்டால், பின்வரிசையில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

*

மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாடு 2003லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு வாங்குகிறார்கள். ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பாஸ்டர்மாரே, ஃபாதர்மாரே, உங்கள் சபையில் யாரையாவது வட்டிக்காரர் வாசலில் வந்து மிரட்டினால் கட்டாயம் ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு, திங்கட்கிழமை அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.