பில்லுல சேர்த்துக்கலாம்!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று நாளாக விரட்டுகிறார். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒரு காம்பவுண்டுச் சுவரும் ஒரு கம்ப்யூட்டரும்தான். அதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கொத்தனார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவர். அம்மா அவரோடு சித்தாள் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா மேஸ்திரியாகி, ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பூச்சு வேலையை லேபர் காண்ட்ராக்ட் எடுத்தார். சதுர அடிக்கு 16 ரூபாய். வேலை முடிகிற நேரத்தில் சைட் இன்ஜினியர் வந்து, "மேஸ்திரி, அந்தக் காம்பவுண்டையும் பூசி விட்ருங்க. பில்லுல சேர்த்துக்கலாம்" என்றார். "சரிங்க சார்" என்றார் அப்பா. அவ்வளவுதான் ஒப்பந்தம்!

180 அடி நீளம், 5 அடி உயரம், இரண்டு பக்கமும் பூச்சு. மொத்தம் 1,800 சதுர அடி. 28,800 ரூபாய் வர வேண்டும். பில் வந்தது. அதில் காம்பவுண்டு இல்லை. கேட்கப் போனால் அந்த இன்ஜினியர் வேறு சைட்டுக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், "எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டார். எழுதத் தெரியாத மனுஷன் எதைக் காட்டுவார்? சுவரைத்தான் காட்டினார். சுவரை யாரும் பில்லோடு ஒட்டி வைப்பதில்லையே! ஆட்களுக்குக் கூலி கொடுக்க அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்பா மறுபடியும் தினக்கூலிக் கொத்தனார் ஆனார்.

இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. போன விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகக் கோவையில் ஒரு சின்ன ஆபீசில் சேர்ந்தேன். சைட்டுக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் கட்டடம் கட்டுகிற ஒரு காண்ட்ராக்டருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ் அது. புரோகிராம் எழுதும் அண்ணனுக்கு பில் புரியாது. எனக்கு எஸ்டிமேஷன் பாடம் கொஞ்சம் தெரியும். அதனால் ஜோடி சேர்த்தார்கள்.

அங்கே அவர்கள் வேலை செய்வது புரோகோர் என்ற சாஃப்ட்வேரில். 2002-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கம்பெனியுடையது. ஒப்பந்தம் போட்ட பிறகு வேலை கூடினாலோ குறைந்தாலோ அதற்கு அந்த ஊரில் 'சேஞ்ச் ஆர்டர்' என்று பெயர். நாம் எக்ஸ்ட்ரா ஐட்டம், டீவியேஷன் என்று படிக்கிறோமே, அதற்கு அண்ணன் தம்பி முறை! சப் காண்ட்ராக்டர் மாதா மாதம் போடுகிற பில்லில் அந்தச் சேஞ்ச் ஆர்டர் வரிகளை எடுத்து எக்ஸலில் கொடுக்க வேண்டும். கையால் காப்பி அடிக்காமல் ஏ.பி.ஐ. மூலமாக எடுப்பதுதான் எங்கள் வேலை.

ஏ.பி.ஐ. என்றதும் பயந்துவிடாதீர்கள். போனபைடு வாங்க ஆபீஸ் ஜன்னலில் நிற்கிறோமே, அந்த ஜன்னல் மாதிரிதான். முதலில் ஐ.டி. கார்டு காட்ட வேண்டும், அதுதான் டோக்கன். பிறகு எந்தக் கம்பெனி, எந்த புராஜெக்ட், எந்த பில் என்று நம்பர் சொல்ல வேண்டும். பில்லுக்கு அங்கே 'ரெக்விசிஷன்' என்று பெயர். சரியாகக் கேட்டால் 200 என்ற எண்ணோடு விவரம் வரும். டோக்கன் காலாவதி என்றால் 401 என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிடும்!

நான்காம் நாள் நானே ஒரு பில்லை எடுத்தேன். 200 வந்தது. ஒரே குஷி! கூட்டிப் பார்த்தால் பில்லின் மொத்தத்துக்கு 8,600 டாலர் குறைகிறது. மூன்று தடவை கூட்டினேன். மத்தியானச் சாப்பாடுகூட இறங்கவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஒரிஜினல் காண்ட்ராக்ட் ஐட்டத்தை மட்டும் எடுத்திருக்கே தம்பி. சேஞ்ச் ஆர்டர் ஐட்டம் தனி லிஸ்ட். தனியாக் கேட்கணும்."

தனியாகக் கேட்டேன். மூன்று வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மொத்த மதிப்பு, போன பில் வரை முடிந்தது, இந்த மாதம் முடிந்தது, பிடித்தம். கூட்டினால் சரியாக 8,600.

எனக்குக் காம்பவுண்டுச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது. அந்த மூன்று வரியை நான் விட்டிருந்தாலும் புரோகிராம் நின்றிருக்காது, சிவப்பு எழுத்தில் திட்டியிருக்காது. எல்லாம் சரி என்று 200-தான் சொல்லியிருக்கும். யாரோ ஒரு மேஸ்திரியின் உழைப்பு என் எக்ஸலில் காணாமல் போயிருக்கும்.

அடுத்த பில்லுக்குக் கேட்டேன். மறுபடியும் 200, உள்ளே இரண்டு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒன்றும் இல்லை. "சேஞ்ச் ஆர்டர் இல்லேன்னா இப்படித்தான் வரும், தப்பில்லை" என்றார் அண்ணன். தப்பில்லைதான். ஆனால் கூடுதல் வேலை நடக்கவே இல்லையா, நடந்தும் யாரும் எழுதவில்லையா என்று அந்த அடைப்புக்குறிக்கு எப்படித் தெரியும்? எழுதாத வரியை எந்த ஏ.பி.ஐ.யும் எடுத்துத் தராது, நண்பர்களே!

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அந்த ஊரு மேஸ்திரிக்குக் காசு வந்துருச்சா சாமி?"

"தெரியலப்பா. பில்லுல வரி இருக்கு."

"வரி இருந்தாச் சரி. கேக்கறதுக்கு ஒரு வழி இருக்குதில்ல" என்றார்.

ஸ்டைபண்டு பணத்தில் அவருக்கு ஒரு கார்பன் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கூடுதல் வேலை சொன்னால் அன்றைக்கே அம்மாவோ நானோ எழுதி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது திட்டம். அப்பா தயங்கினார். "எழுதிக் கேட்டா அடுத்த வேலைக்குக் கூப்புட மாட்டாங்க கண்ணு." அதுவும் உண்மைதானே? இதுவரை நாலு தாள் எழுதியிருக்கிறோம். இரண்டில் கையெழுத்து கிடைத்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே போட்டார். இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டார். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன.

அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். நாளை தலையில் ஹெல்மெட்டோடு சைட்டில் நிற்கப்போவது நாம்தான். "பில்லுல சேர்த்துக்கலாம்" என்று சொல்லப்போகும் வாயும் நம் வாய்தான். சொல்வதற்கு முன்னால் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுப்போம். அளவு, தேதி, கையெழுத்து என்று மொத்தமே இரண்டு நிமிஷ வேலை. எம்-புக்கோ கம்ப்யூட்டரோ, நாம் எழுதினால்தான் அதில் இருக்கும்.

அம்மாவின் தோடு இன்னும் திரும்பவில்லை. முதல் சம்பளம் வரட்டும்.

- மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை